சாம்பலைச் சமைப்பது எப்படி: கந்தக வாயுவைப் பிடிக்கும் பொடி, ஜூரோங் ஆய்வுக்கூடத்துப் பக்குவம்

"அக்கா, இது வெறும் சாம்பல்தானே? இதை வெச்சு என்ன பண்ணப் போறோம்?"

ஜூரோங் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் முதல் நாளே கேட்பது இதுதான். பத்தொன்பது வருஷமாக இங்கே டெக்னீஷியனாக இருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிச் சலித்துப்போய், இப்போது எழுதி வைக்கிறேன்: புகையில் வரும் கந்தக டை ஆக்சைடு என்ற நச்சுவாயுவைப் பிடிக்கும் பொடியாகச் சாம்பலை மாற்றுவது எப்படி என்று. இது வீட்டுச் சமையலறையில் செய்யும் வேலை இல்லை. நச்சுவாயுவை இழுக்கும் ஃப்யூம் ஹூட், முகக்கவசம், கண்ணாடி, கையுறை எல்லாம் உள்ள கூடத்தில், பொறுப்பாளருக்குத் தெரிந்து செய்ய வேண்டியது.

நிலக்கரியைப் பொடியாக்கி எரிக்கும்போது புகையோடு மேலே பறந்து, மின்வடிப்பானிலோ துணிப்பை வடிப்பானிலோ மாட்டிக்கொள்ளும் நுண்தூள்தான் பறக்கும் சாம்பல். ஊரில் ஃப்ளை ஆஷ் செங்கல் என்கிறார்களே, அதே ஃப்ளை ஆஷ். இதை அப்படியே ஒரு குழாயில் அடைத்துக் கந்தக டை ஆக்சைடு வாயுவை அனுப்பினால், பெரும்பாலான சாம்பலில் வாயு ஏறக்குறைய போன மாதிரியே வெளியே வந்துவிடும். அந்தத் தம்பி கேட்டதில் தப்பில்லை. அது வெறும் சாம்பல்தான். சுண்ணாம்போடு தண்ணீரில் வேகவைத்த பிறகுதான் அது வேறு பொருளாகிறது.

என் தாத்தா மன்னார்குடிப் பக்கம் கொத்தனாராக இருந்தவர். சுண்ணாம்போடு செங்கல்பொடியைச் சேர்த்து, கடுக்காய்த் தண்ணீர் ஊற்றி அரைத்துக் காரை பூசியவர். செங்கல்பொடியில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு ஈரத்தில் சேர்ந்து பசையாகி, பிறகு கல்லாக இறுகும். பறக்கும் சாம்பலிலும் அதே சரக்குதான், கண்ணாடி உருண்டைகளாக இருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம். தாத்தாவுக்குக் காரை இறுக வேண்டும். எங்களுக்கு இறுகவே கூடாது. அதனால்தான் தண்ணீரை நிறைய ஊற்றி, விடாமல் கிளறுகிறோம். அப்போது உண்டாகும் கால்சியம் சிலிக்கேட் கட்டியாகாமல், ஒவ்வொரு உருண்டையின் மேலும் செதில் செதிலாக முளைக்கும். மின்னணு நுண்ணோக்கியில் வேகாத சாம்பலைப் பார்த்தால் வழவழப்பான கோலிக்குண்டு. வெந்த சாம்பலைப் பார்த்தால் ரம்புத்தான் பழம். அந்த முடிக்கற்றை மாதிரியான பரப்பில்தான் வாயு வந்து ஒட்டும்.

எந்தச் சாம்பல்

இங்கேதான் சிங்கப்பூரில் பலர் இடறுகிறார்கள். சாம்பல் என்றதும் துவாஸ் எரியாலைகள்தான் நினைவுக்கு வரும். குப்பையை எரித்த அடிச்சாம்பல் துவாஸிலிருந்து படகில் ஏறிப் புலாவ் செமாக்காவ் என்ற குப்பை நிரப்பும் தீவுக்குப் போவது 1999இலிருந்து நடக்கிறது, பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் எரியாலையின் பறக்கும் சாம்பலைத் தொடாதீர்கள். அங்கே புகையைச் சுத்தம் செய்யச் சுண்ணாம்புத்தூள் தூவுகிறார்கள். அது பிடித்த குளோரைடோடு ஈயம், காட்மியம், டையாக்சின் எல்லாம் அந்தச் சாம்பலிலேயே வந்து சேரும். ஏற்கெனவே வேலை பார்த்துக் களைத்த சுண்ணாம்பும் விஷமும் கலந்த கலவை அது. நமக்கு வேண்டியது நிலக்கரிச் சாம்பல்.

நம் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருவதால் உள்ளூரில் நிலக்கரிச் சாம்பல் அதிகம் கிடையாது. ஜூரோங் தீவில் 2013இல் திறந்த தெம்புசு ஆலை நிலக்கரியையும் பனைக்கொட்டை ஓடு போன்றவற்றையும் எரிக்கிறது. அதைத் தவிர, கான்கிரீட்டுக்காக இறக்குமதியாகும் சாம்பல் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. பொடி நிலக்கரி எரியும் கொதிகலனில் வெப்பம் 1,300 டிகிரிக்கு மேல் போவதால் சாம்பல் உருகிக் கண்ணாடி உருண்டையாகிறது. தெம்புசுவில் உள்ளதுபோன்ற சுழல்படுகைக் கொதிகலன் 850 டிகிரி வாக்கில்தான் எரியும். அங்கே சாம்பல் உருகாது, கோணல்மாணலாக இருக்கும். கொதிகலனுக்குள்ளேயே சுண்ணாம்புக்கல் போட்டிருந்தால் சுட்ட சுண்ணாம்பும் மிச்சம் இருக்கும். அந்த மாதிரிச் சாம்பலில் தண்ணீர் பட்டால் சூடு கிளம்பும். சாம்பலின் மேல் தண்ணீரைக் கொட்டாமல், தண்ணீரில் சாம்பலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

ஊரிலிருந்து வந்தவர்கள் கேட்பார்கள்: நெய்வேலிச் சாம்பல் ஆகுமா? ஆகும். பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து கூடுதல். அதற்கேற்ப வெளியிலிருந்து சேர்க்கும் சுண்ணாம்பைக் குறைத்துப் பார்க்கலாம்.

சாம்பல் கைக்கு வந்ததும் நான் முதலில் செய்வது, ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் ஒரு கரண்டி போட்டுப் பார்ப்பது. பெரும்பகுதி கொஞ்ச நேரத்தில் அடியில் போய் உட்காரும். மேலே வெளிர் நிறத்தில் ஒரு படலம் மிதக்கும். விரலில் தொட்டால் ரவைபோல நெருடும். அவை உள்ளே காற்று அடைத்த வெற்றுருண்டைகள். வழித்து எடுத்துவிடுங்கள். அவை கலவையில் சேராமல் மேலேயே சுற்றிக்கொண்டு கடைசியில் வடிதாளை அடைக்கும்.

அப்புறம் எரியாத கரி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 105 டிகிரியில் காயவைத்த ஒரு கிராம் சாம்பலைப் பீங்கான் கிண்ணியில் வைத்து 750 டிகிரியில் சுட்டு மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடையில் பெரும்பங்கு கரிதான். கான்கிரீட்டுக்கான அமெரிக்கத் தரத்தில் இந்த இழப்பு 6 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கரி மிகுந்த கருஞ்சாம்பலைச் சிமெண்டுக்காரர்கள் ஒதுக்குவார்கள். நமக்கோ அது பெரிய குறையில்லை. கரி பாதரச ஆவியைப் பிடிக்கும் என்பது உபரி லாபம்.

சுண்ணாம்பு

நீற்றிய சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு. புதிதாகப் பிரித்த டப்பாவாக இருக்கட்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆறு வருஷத்துக்கு முன் அலமாரிக்கு அடியில் ஒரு பை கிடந்தது. வாயை ரப்பர் பேண்டால் சுற்றியிருந்தேன். பார்க்க வெள்ளை வெளேரென்று நன்றாகத்தான் இருந்தது. அதைப் போட்டு இரண்டு வாரம் வேகவைத்தேன், வடித்தேன், காயவைத்தேன். ஒரு தடவைகூடச் சரியாக வரவில்லை. வாயுவின் அளவைக் காட்டும் வாயுமானியில் கோளாறு என்று சாதித்து, அதைக் கழற்றிச் சரிபார்க்கக்கூட அனுப்பிவிட்டேன். அது திரும்பி வந்தது, ஒரு கோளாறும் இல்லையென்று. அன்றைக்குத்தான் அந்தப் பையில் ஒரு சிட்டிகை எடுத்து வினிகரை விட்டேன். சோடா மாதிரிப் பொங்கியது. நம்மூர் ஈரக்காற்றில் அத்தனை மாதம் கிடந்து, கரியமில வாயுவை இழுத்து, சுண்ணாம்பெல்லாம் சாக்குக்கட்டித்தூளாகிப் போயிருந்தது.

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைப் பாட்டி ஏன் மூடியே வைத்திருந்தார் என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது. ஆகவே, வினிகர் சோதனை முதலில். லேசாக ஒன்றிரண்டு குமிழி வந்தால் பரவாயில்லை. பொங்கினால் தூக்கிப்போடுங்கள்.

வேகவைப்பது

எடை கணக்கில் மூன்று பங்கு சாம்பலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு. மொத்தத் திடப்பொருளுக்குப் பத்து மடங்கு தண்ணீர். நான் எப்போதும் போடுவது 30 கிராம் சாம்பல், 10 கிராம் சுண்ணாம்பு, 400 மில்லி லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீர். கழுத்துள்ள குடுவை, மேலே குளிர்விப்பான், உள்ளே கிளறும் துடுப்பு. காந்தக் குச்சி போட்டுக் கிளறினால் சாம்பல் அதன் மேல்பூச்சைத் தேய்த்துவிடும். முடிந்தால் மேலிருந்து சுழலும் துடுப்பையே வையுங்கள்.

90 டிகிரி, ஆறு மணி நேரம். கொதிக்க விட வேண்டாம், தெறிக்கும். சுடச்சுடத் தெறிக்கும் சுண்ணாம்புத் தண்ணீர் கண்ணில் பட்டால் விளையாட்டில்லை. காலை ஒன்பது மணிக்கு அடுப்பைப் போட்டால் மாலை நாலுக்குள் வடிக்கலாம் என்பது என் கணக்கு. குளிர்விப்பான் இல்லையென்று வாயை அலுமினியத் தாளால் மூடும் பழக்கம் பிள்ளைகளுக்கு உண்டு. செய்யாதீர்கள். காரம் பட்டால் அலுமினியம் கரைந்து ஹைட்ரஜன் வாயு வரும்.

ஒரு விஷயம் எல்லாரையும் குழப்பும். சர்க்கரை சுடுதண்ணீரில்தான் நன்றாகக் கரையும். சுண்ணாம்பு நேர்மாறு. 20 டிகிரியில் லிட்டருக்கு 1.7 கிராம் அளவுக்குக் கரைவது, கொதிநிலைக்குப் போகும்போது 0.7 கிராமுக்கும் கீழே இறங்கிவிடும். அப்படியானால் ஏன் சூடாக்க வேண்டும்? சாம்பலின் கண்ணாடி உடைந்து சிலிக்கா வெளியே வருவதற்குத்தான். அது வராவிட்டால் இங்கே ஒன்றுமே நடக்காது. கரைந்த சுண்ணாம்பு செலவாகச் செலவாக, கரையாமல் கிடப்பது மெல்ல மெல்லக் கரைந்து ஈடுகட்டும்.

வெந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? கருவியெல்லாம் பிறகு. குடுவையிலிருந்து 100 மில்லி எடுத்து அளவுச்சாடியில் ஊற்றி வையுங்கள். வேகவைக்கும் முன் எடுத்த 100 மில்லியைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். வேகாத சாம்பல் சட்டென்று அடியில் போய் மெல்லிய அடுக்காகப் படுத்துவிடும். வெந்தது அப்படி இறங்காது. புளித்த இட்லி மாவு மாதிரி உப்பலாக நின்று, நேரமெடுத்து இறங்கி, இறங்கிய பின்னும் பல மடங்கு உயரத்தில் நிற்கும். இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் இன்னும் இரண்டு மணி நேரம் விடுங்கள். அப்போதும் இல்லையென்றால் சுண்ணாம்பைச் சந்தேகப்படுங்கள்.

கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து வேகவைப்பவர்களும் உண்டு. ஜப்பானில் ஹொக்கைடோ மின் நிறுவனம் சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் மூன்றையும் சேர்த்துச் செய்த பொருளைத் தொமாதோ-அத்சுமா நிலக்கரி மின்நிலையத்தில் 1991இலேயே புகையைச் சுத்தம் செய்யப் பயன்படுத்தியது. முதல் தடவை செய்பவர்கள் ஜிப்சம் இல்லாமலே செய்யுங்கள். தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கச் சுலபம்.

வெற்றிடப் பம்பு வைத்து வடித்து, கிடைக்கும் களியை 105 டிகிரியில் இரவு முழுக்கக் காயவிடுங்கள். வெற்றிட அடுப்பு இருந்தால் இன்னும் நல்லது, கரியமில வாயு தொந்தரவு இருக்காது. காலையில் உரலில் லேசாக இடித்து, கால் மில்லிமீட்டருக்கும் அரை மில்லிமீட்டருக்கும் இடைப்பட்டதைச் சலித்து எடுங்கள். மாவாக இருந்தால் குழாயில் அடைக்கும். உடனே இறுக மூடும் பாட்டிலில் போட்டு நாள் எழுதி வையுங்கள்.

வாயுவை விட்டுப் பார்ப்பது

காற்றில் கந்தக டை ஆக்சைடு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனம் வகுத்திருக்கிறது. நாம் விடப்போவது 500 பிபிஎம். அதனால் குழாய், குமிழிப்பான் எல்லாமே ஹூட்டுக்குள். சிலிண்டரைத் திறக்கும் முன் நைட்ரஜனை மட்டும் விட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பாருங்கள். ஹூட்டுக்கு வெளியே ஓர் எச்சரிக்கைக் கருவி ஓடட்டும்.

அமைப்பு இப்படி. நைட்ரஜனில் 5,000 பிபிஎம் கந்தக டை ஆக்சைடு கலந்த சிலிண்டரிலிருந்து நிமிடத்துக்கு 50 மில்லி. வெறும் நைட்ரஜன் 450 மில்லி. இரண்டும் சேர்ந்தால் 500 பிபிஎம். கண்ணாடிக் குழாயில் கண்ணாடிப் பஞ்சு, அதன் மேல் ஒரு கிராம் பொடியைச் சுத்தமான மணலோடு கலந்து வையுங்கள். இந்தப் பொடிப் படுகைக்கு உள்ளேயே வெப்பமானியின் நுனி இருக்க வேண்டும். 65 டிகிரி.

இனி ஈரம். இந்தப் பொடி காய்ந்த வாயுவில் சோம்பேறி. செதில்களின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருந்தால்தான் வாயு அதில் கரைந்து சுண்ணாம்பைத் தொடும். ஒரு தம்பி என்னோடு வாதம் பண்ணினார். "சிங்கப்பூர்ல எப்பவும் ஈரம்தானேக்கா, தனியா எதுக்கு?" வெளியே நாலு மணி மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் சிலிண்டருக்குள் மழை பெய்யாதே. அதிலிருந்து வரும் நைட்ரஜன் துளி ஈரமில்லாமல் காய்ந்தது.

எனவே 450 மில்லி நைட்ரஜனை மட்டும் 50 டிகிரியில் வைத்த தண்ணீர்க் குமிழிப்பான் வழியே அனுப்புங்கள். கந்தக வாயுவைத் தண்ணீருக்குள் விடக் கூடாது, அங்கேயே கரைந்துவிடும். இரண்டும் தண்ணீருக்கு அப்புறம்தான் சேர வேண்டும். 50 டிகிரியில் நீராவி அழுத்தம் சுமார் 12.3 கிலோபாஸ்கல், 65 டிகிரியில் 25. கலந்த பின் படுகையில் ஈரப்பதம் 45 விழுக்காட்டு வாக்கில் நிற்கும். தொடங்க அது போதும். குமிழிப்பானுக்கும் படுகைக்கும் இடையே உள்ள குழாயைச் சூட்டுநாடா சுற்றி 80 டிகிரியில் வையுங்கள். வழியில் ஒரு துளி நீர் கோர்த்தாலும் வாயு அதில் போய் ஒளிந்துகொள்ளும். நீங்கள் பொடி பிடித்ததாக நினைத்துச் சந்தோஷப்படுவீர்கள்.

வாயுமானி இல்லாதவர்களுக்கு ஒரு பழைய வழி. வெளியே வரும் வாயுவை 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடில் குமிழ விடுங்கள். கந்தக டை ஆக்சைடு கந்தக அமிலமாகிவிடும். அதை 0.01 நார்மல் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு காரத்தால், பிஎச் மீட்டர் வைத்துச் சமன்செய்து அளக்கலாம். பெராக்சைடிலேயே கொஞ்சம் அமிலம் இருக்கும். அதைத் தனியாக அளந்து கழிக்க மறக்காதீர்கள்.

முதலில் வெறும் மணலை வைத்து ஓட்டுங்கள். நம் அளவுக்குப் பத்து நிமிடத்தில் ஏறக்குறைய 20 மில்லி காரம் செலவாக வேண்டும். 14, 15தான் வருகிறதென்றால் எங்கோ கசிகிறது, அல்லது நீர் கோர்த்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். மணல் சரியாக வந்த பிறகு வேகாத சாம்பல், அப்புறம் கால் கிராம் சுண்ணாம்பு மட்டும், கடைசியாக வெந்த பொடி. சுண்ணாம்பைத் தனியாக ஓட்டுவதைப் பிள்ளைகள் தவிர்க்கப் பார்ப்பார்கள். ஒரு கிராம் பொடியில் கால் கிராம் சுண்ணாம்பு இருக்கிறதே, வேலை செய்தது அதுதானா, சாம்பலால் ஏதும் கூடியதா என்று வேறெப்படித் தெரியும்?

கணக்கு சுலபம். கால் கிராம் சுண்ணாம்பு முழுதாக வேலை செய்தால் சுமார் 216 மில்லிகிராம் கந்தக டை ஆக்சைடைப் பிடிக்கும். நம் குழாயில் ஒரு மணி நேரத்தில் வருவது 39 மில்லிகிராம். ஒரு மணி நேரம் ஒன்றுமே வெளியே வராமல் பிடித்தால்கூட சுண்ணாம்பில் 18 விழுக்காடுதான் செலவு. ஆகவே ஒரு மணி நேரத்தில் நிறுத்தாதீர்கள். வெளியே வருவது உள்ளே போவதில் பாதியைத் தொடும்வரை ஓடட்டும். இன்னொன்று, உண்மையான புகையில் கரியமில வாயு நிறைய இருக்கும், அதுவும் சுண்ணாம்புக்குப் போட்டிக்கு வரும். நைட்ரஜனில் கிடைத்த எண்ணை அப்படியே ஆலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் பிடிக்க ஆசைப்படுபவர்கள் சுண்ணாம்பை விட்டுச் சோடியம் ஹைட்ராக்சைடில் சாம்பலை நாள்கணக்கில் வேகவைத்து, நுண்துளைகள் நிறைந்த ஜியோலைட் என்ற கனிமம் செய்கிறார்கள். ஜெர்மனியில் ஹோலர், விர்ஷிங் இருவரும் 1985இல் எழுதியது அதன் தொடக்கம். அது வேறு சமையல், இன்னொரு நாள்.

கழுவுவதற்கு முன்

வடித்த தண்ணீர் தெளிவாக இருக்கும், கைகழுவும் தொட்டியில் ஊற்றத் தோன்றும். சாம்பலிலிருந்து ஆர்செனிக், செலினியம், குரோமியம் கொஞ்சம் கரைந்து அதில் இருக்கலாம், காரமும் அதிகம். தனிக் கேனில் சேர்த்து, உரிமம் பெற்ற நச்சுக் கழிவு நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். வேலை பார்த்து முடித்த பொடியையும் அப்படியே. அந்தப் பொடி இருக்கும் கேனில் யாரும் அமிலக் கழிவை ஊற்றிவிடக் கூடாது. உள்ளே இருப்பது பெரும்பாலும் கால்சியம் சல்ஃபைட். அமிலம் பட்டால் நாள் முழுக்கப் பாடுபட்டுப் பிடித்த வாயு ஒரே மூச்சில் வெளியே வந்துவிடும். எங்கள் கேனில் சிவப்பு மையில் "அமிலம் ஊற்றாதே" என்று தமிழிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். மூன்று மொழியில் ஏற்கெனவே இருந்தது, நாலாவதுக்கு இடம் இருந்தது.